தண்டல் என்று ஒரு சொல்

எங்கள் தூத்துக்குடிக் கடற்கரையில் தோணியை நடத்திச் செல்பவரைத் தண்டல் என்போம். என் அப்பா தண்டல். கொழும்புக்குப் போன தோணி திரும்பவில்லை, அவரும் திரும்பவில்லை. வீட்டில் அவருடைய போட்டோ ஒன்றுகூடக் கிடையாது. ஒருநாள் மீன் கழுவிக்கொண்டே அம்மா சொன்னாள்: "ஏலே, அவுக மொகம் எனக்கு மறந்துக்கிட்டே வருது."

அதற்காகத்தான் நான் படமெடுக்கப் போனேன். புகழுக்கு, நடிகைகளுக்கு என்று ஊரில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். பேசிவிட்டுப் போகட்டும். அம்மாவிடம் மட்டும், "அப்பாவத் திரையில காட்டுதேன்" என்று சொல்லிவிட்டு ரயில் ஏறினேன்.

சென்னையில் நான் வாயைத் திறந்தாலே சிரிப்பு. "சொல்லுதான், வாரான்னு இன்னொரு வாட்டி சொல்லுங்க சார்" என்று காபி கிளப் சர்வர்கூடக் கேட்டான். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம். சண்டை போட்டுச் சலித்தபின் பேச்சையே குறைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பாட்டுப் பாடும்போதுதான் என் குரல் எனக்கே கேட்கும்.

டைரக்டரிடமும் கதையைச் சுருக்கமாகத்தான் சொன்னேன். "கதாநாயகன் ஒரு தண்டல். கடமைதான் அவருக்குப் பெரிது. ஒருநாள் வேலைக்குப் போனவர் வீடு திரும்பவில்லை." அவர் கண்கலங்கி என் கையைப் பிடித்துக்கொண்டார். கடல், தோணி என்றெல்லாம் தனியாகச் சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தண்டல் என்றால் எங்கள் ஊரில் அதெல்லாம் அடக்கம்.

யுத்த காலம். பிலிமுக்கு லைசென்ஸ் கேட்டு ஆபீஸ் ஆபீஸாக அலைந்ததில் ஸ்டூடியோ பக்கமே போக முடியவில்லை. தயாரிப்பாளன் பிழைப்பே அப்படித்தான். படம் ஓரிடத்தில் நடக்கும், அவன் வேறிடத்தில் நிற்பான். கடைசியில் எனக்குப் போட்டுக் காட்டினார்கள். கோட்டும் தலைப்பாகையுமாக ஒரு மனிதன் வீடு வீடாகப் போய் வரி வசூலித்துக்கொண்டிருந்தான். அங்கே தண்டல் என்றால் வசூலாம்! பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்று எங்கள் வேதக்காரத் தெருவிலும் சொல்வதுண்டு. நான் போட்ட கூச்சலில் டைரக்டர் அழுதேவிட்டார். திருப்பி எடுக்கப் பிலிம் இல்லை.

அதைவிடக் கொடுமை, படம் ஓடியது. எல்லோரும் கைகுலுக்கினார்கள். அத்தனை பேர் நடுவில் நின்றபோது இருந்த தனிமை எனக்கு வேறெப்போதும் இருந்ததில்லை.

படம் தூத்துக்குடிக்கு வந்தது. நடந்ததை அம்மாவிடம் சொல்ல எனக்கு நா எழவில்லை. கோயிலுக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு, கொட்டகையில் பெண்கள் பக்கம் முன்வரிசையில் போய் உட்கார்ந்தாள். நான் வாசல் திரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

படம் முடிந்து கூட்டம் கலைந்தது. அம்மா மட்டும் எழுந்திருக்கவில்லை. அருகில் போனேன்.

"ஏலே, வெளக்கப் போட்டுட்டானுவளே," என்றாள், வெள்ளைத் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஒங்கப்பா வார எடம் இன்னும் வரலியே?"