மூன்று நாள் மாத்திரை

எனக்கும் பக்கத்துப் பழக்கடைக்காரருக்கும் நெஞ்சு ஒரே மாதிரி. ஏற்காட்டில் பனி இறங்கினால் போதும், இருவருக்கும் இருமல் முற்றிச் சளி பச்சையாகிவிடும். டாக்டர்கள்தான் வேறு வேறு. எனக்கு ஏழு நாள், காலையும் இரவும், கொழுக்கட்டை மாதிரி ஒரு மாத்திரை. அவருக்கு மூன்றே நாள், தினம் ஒன்று.

முதல் நாளே இருவரும் மாத்திரை அட்டைகளை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வோம். எனக்கு வயிறு எரியும். அந்தக் கொழுக்கட்டை வயிற்றையும் கலக்கும் என்பது வேறு.

நாலாம் நாள் நான் மாடி ஜன்னலில் போர்வையோடு நிற்பேன். கீழே என் மிளகுக்கடை பூட்டியிருக்கும். அவர் கொய்யா அடுக்குவார், சுற்றுலாக் கூட்டம் மொய்க்கும். கஞ்சியோடு வரும் என் மனைவி, "அவரு எந்திரிச்சுட்டாருங்க, பாருங்க" என்பாள். மனைவியை இழந்து தனியாக இருக்கும் மனிதர் என்று அவள் பரிதாபத்தில் சொல்வதுதான். எனக்குச் சுருக்கென்று தைக்கும்.

போன மழைக்காலத்தில் பொறுக்க முடியவில்லை. மூன்றாம் நாளே மீதி மாத்திரைகளை மிளகு டின்னுக்குள் ஒளித்தேன். டாக்டரே போதும் என்றுவிட்டதாக மனைவியிடம் புளுகிவிட்டுக் கடையைத் திறந்தேன். இரண்டு நாள் ராஜாதான். அடுத்த நாள் காய்ச்சல் திரும்பியது, மூச்சு இழுத்தது. ஜீப்பில் போட்டுச் சேலத்துக்குக் கொண்டுபோனார்கள்.

பழக்கடைக்காரரின் மூன்று நாள் கணக்கைச் சொன்னதும் ஆஸ்பத்திரி டாக்டர் கத்தினார். "அவரோட மருந்து நிறுத்துன பெறகும் நாலஞ்சு நாள் உடம்புல நின்னு வேலை செய்யும். உங்களது நிறுத்தின அன்னிக்கே போயிரும். அவரப் பாத்தா நீங்க நிறுத்தறது?"

மறுநாள் பழக்கடைக்காரர் பார்க்க வந்தார். உட்கார்ந்ததும் கண்ணில் நீர் வருமளவுக்கு இருமினார்.

"ஏனுங்ண்ணா, உங்களுக்கு மூணு நாள்ல செரியாயிருமல்லங்க?" என்றேன்.

"யாருங்க பாய் சொன்னது? மாத்திரதான் மூணு நாளு. இருமல் மாசக்கணக்குல இருக்குதுங்க. ஊட்டுல படுத்தா கஞ்சி வெச்சுக் குடுக்க யாருங்க இருக்கறாங்க? கடையில நின்னா எதுத்தாப்புல டீயாச்சும் கெடைக்கும்." பிளாஸ்கைத் திறந்துகொண்டிருந்த என் மனைவியைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்தார். "உங்க ஏழு நாளப் பாத்து எனக்கு நொம்பப் பொறாமைங்க."

மனைவி இரண்டு டம்ளர்களில் கஞ்சி ஊற்றினாள். முதல் டம்ளரை அவரிடம் நீட்டினாள்.

அதில் கொஞ்சம் கூடுதலாக இருக்கிறதோ என்று எட்டிப் பார்த்தேன்.