விலகாமல் நிற்கிற வேலை

புதுசாக வேலைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க ஏதாவது எழுதித் தாருங்கள் என்று மேனேஜர் ரெஜினா கேட்டாள். எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. தோட்டப் பள்ளியில் ஆறு வருசம், அவ்வளவுதான். நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

1. மணல் மூட்டை

முதல் நாள். சுங்கை லாலாங் பக்கம் ஒரு மேடு. மேட்டு உச்சியில் ஒரு மேடை, கீழே ஒரு மேடை. இரண்டுக்கும் நடுவில் செம்பனைத் தோட்டம், எண்ணெய் எடுக்கிற பனை. அதற்கு மேலே கம்பி இழுத்திருந்தார்கள். ஆளுக்கு ஹார்னஸ் மாட்டி, கம்பியில் தொங்கவிட்டு அனுப்புவார்கள். அவர் கத்திக்கொண்டே பறந்து வருவார். ஜிப்லைன் என்று பெயர். காசு கொடுத்து ஏன் பயப்படுகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. இன்றைக்கும் விளங்கவில்லை.

என் வேலை கீழ் மேடையில். கேட்சர். கம்பியில் ஒரு பிரேக் கட்டை இருக்கும். அதில் கட்டிய கயிறு என் கையில். வருகிறவர் கட்டையில் மோதியதும் கயிறு இழுக்கும். கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பிடித்து ஆளை நிறுத்த வேண்டும். பிடி தப்பினால் கடைசியில் பெரிய ஸ்பிரிங் இருக்கிறது. உயிர் போகாது. ஆனால் நல்ல குலுக்கல்.

பழகுவதற்கு ஆளுக்குப் பதில் மணல் மூட்டையை அனுப்பினார்கள். தூரத்தில் சின்னதாகத் தெரிந்தது. பெரிதானது. கிட்ட வந்தது. அப்புறம் பார்த்தால் நான் மேடை ஓரத்தில் நிற்கிறேன். கயிறு தரையில் கிடக்கிறது. மூட்டை ஸ்பிரிங்கில் மோதி, வந்த வழியே திரும்பிப் போய் நடுக் கம்பியில் தொங்குகிறது.

"அண்ணே, எங்க போனீங்க?" என்றாள் பக்கத்தில் நின்ற ரெஜினா.

"தெரியலம்மா."

"தெரியலையா? நீங்கதான லா போனீங்க!"

இரண்டாவது மூட்டைக்கும் விலகினேன். மூன்றாவதுக்குக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளப் பார்த்தேன்.

"சுத்தாதீங்கண்ணே, விரல் போயிரும்!" என்று கத்தினாள். அதற்கும் விலகினேன்.

"பயமாண்ணே?"

"இல்ல."

நிசமாகவே பயம் இல்லை. அதுதான் எனக்குக் குழப்பம்.

2. சாப்பாட்டு நேரம்

மதியம் நானும் ரெஜினாவும் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தோம். வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ செம்பனைக் குலை வெட்டினார்கள். தொப்பென்று விழுந்தது. நான் எழுந்து இரண்டடி தள்ளி நின்றேன். சோறு மண்ணில் கொட்டியது.

ரெஜினா சிரித்தாள். "அது அங்க விழுதுண்ணே. நீங்க இங்க ஏன் ஓடுறீங்க?"

அப்போதுதான் விளங்கியது. பாதி ஆயுசு முழுக்க நான் செம்பனைக் குலை வெட்டினவன். வேலைக்குச் சேர்ந்த அன்றே எங்கள் மண்டோர், கங்காணி மாதிரி ஒருவர், சொன்னது ஒன்றுதான்: "குலை வருதுன்னா விலகு. பிடிக்கப் போகாத." கூட வேலை செய்த ஒருவர் பிடிக்கப் போனார். தோள் எலும்பு உடைந்தது. அதிலிருந்து என் கால் என்னைக் கேட்காமலே விலகும்.

ரெஜினாவிடம் சொன்னேன். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

"அங்க விலகினா நீங்க தப்பிச்சீங்க. இங்க விலகினா வர்றவங்க மாட்டிக்குவாங்க. நாளைக்கு ஒரு தடவை பாப்போம். அப்பவும் விலகினீங்கன்னா நான் வேற ஆள்தான் தேடணும். கோவிச்சுக்காதீங்கண்ணே."

"சரி."

கூலிம் டவுன் ஃபேக்டரிகளில் என் வயசைக் கேட்டே அனுப்பிவிட்டார்கள். இதுதான் கிடைத்த வேலை. வேலை கிடைத்ததற்கு என் மனைவி அதற்குள் கோயிலில் அர்ச்சனையும் செய்துவிட்டாள். வேலை போகலாம் என்று வீட்டில் சொல்லவில்லை.

3. மேலே

மறுநாள் காலையில் கயிற்றைக் கேட்டேன். ரெஜினா ஹெல்மெட்டைக் கொடுத்தாள்.

"முதல்ல நீங்க மேல இருந்து வாங்க. நான் பிடிக்கிறேன்."

"நான் எதுக்கு?"

"வந்து பாருங்க லா."

மேல் மேடையில் இருந்த அமீர் ஹார்னஸ் மாட்டி, கொக்கியை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தான். "பாக்சிக், ஓகே?" என்றான். பாக்சிக் என்றால் மலாயில் மாமா. ஓகே இல்லை. தலையை ஆட்டினேன். அனுப்பிவிட்டான்.

கத்த வேண்டும் என்றுதான் இருந்தேன். மறந்துவிட்டேன். இத்தனை வருசம் செம்பனையை அண்ணாந்தே பார்த்தவன். மேலே இருந்து பார்த்ததில்லை. ஓலைக்கு நடுவே குலை பழுத்துச் சிவப்பாக இருந்தது. வெட்டாமல் விட்டிருக்கிறார்களே என்று நினைத்தேன். அதற்குள் கீழ் மேடை வந்துவிட்டது.

எல்லாம் ஓடியது. மரம், வேலி, கூரை எதுவும் நிற்கவில்லை. ரெஜினா மட்டும் நின்றாள். அவளையே பார்த்தேன்.

அவள் ஒரு அடி விலகினாள்.

"ஏய்!" என்று கத்தினேன். கட்டையில் மோதினேன். மெதுவாக நின்றேன்.

"ஏம்மா விலகின?"

"ஒரு அடிதான்ணே. கயிறு கையிலதான் இருக்கு, பாருங்க."

இருந்தது. இறுக்கித்தான் பிடித்திருந்தாள். பிறகு ஏன் கத்தினேன் என்று தெரியவில்லை. ஹார்னஸ் இருக்கிறது, கம்பி இருக்கிறது, ஸ்பிரிங் இருக்கிறது. நான் எதையும் நம்பவில்லை. நின்ற ஆளைத்தான் நம்பி வந்திருக்கிறேன்.

இறங்கிக் கயிற்றை வாங்கினேன். ரெஜினா ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு மேட்டில் ஏற ஆரம்பித்தாள்.

"மூட்டை எங்கம்மா?"

"மூட்டை இல்லண்ணே. நான்தான் வர்றேன்."

வாக்கிடாக்கியில் அமீர் ரெடியா என்று கேட்டான். ரெடி என்றேன். வாய்தான் சொன்னது.

வந்தாள். கத்தவில்லை. கண்ணை மூடவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள். என் வலது கால் மேலே எழுந்தது. எங்கே போவது என்று அதற்கே தெரியாத மாதிரி நின்ற இடத்திலேயே ஊன்றியது. கயிறு இழுத்தது. விட்டுப் பிடித்தேன். கை எட்டும் தூரத்தில் நின்றாள்.

"கால் ஆடுச்சுண்ணே."

"பாத்தியா?"

"அதத்தான் பாத்துக்கிட்டே வந்தேன். நாளைக்கு ஏழரைக்கு வந்துருங்க."

புதுசாக வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் இவ்வளவுதான் இருக்கிறது. எந்த வேலையிலிருந்து வந்தாலும் அந்த வேலை காலில் ஒட்டிக்கொண்டு வரும். விலகு என்று சொல்லும். அதன் பேச்சைக் கேட்காதீர்கள்.

எனக்கு இன்றைக்குக் காலையிலும் விலகு என்று சொன்னது.