கட்டில் கம்பியில் சுற்றிய ஒயர்

நேற்று சாயங்காலம் இடி இடித்தபோது மகன் போனைச் சார்ஜில் போட்டபடியே கேம் ஆடிக்கொண்டிருந்தான். நான் எழுந்துபோய் ஒயரைப் பிடுங்கிவிட்டேன். "ஏம்ப்பா இப்பிடிப் பயந்து சாகறீங்க?" என்று சிரித்தான். உங்களிடம் சொல்வதற்கென்ன, நாற்பதைத் தாண்டியும் இடி என்றால் எனக்குப் பயம்தான்.

ஏற்காட்டில் கோடை மழை சும்மா வராது, இடியோடுதான் வரும். நான் சிறுவனாக இருந்தபோது வாழவந்தி போகிற ரோட்டில் எங்கள் மளிகைக் கடை, அதன் பின்னாலேயே வீடு. மலையில் படம் தெளிவாக விழவேண்டுமென்று ஆன்டெனாவைச் சில்வர் ஓக் மரத்தின் உச்சியில் கட்டுவார்கள். சுற்றுவட்டாரத்திலேயே எங்கள் மரம்தான் உயரம் என்று எனக்கு ஏகப் பெருமை. முதல் இடி கேட்டதுமே ஆன்டெனா ஒயரை டிவியிலிருந்து பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே எறிந்துவிட வேண்டும். இது அம்மா போட்ட சட்டம்.

ஒரு மே மாத லீவில் சேலத்து மாமா ஒரு டிவி கேம் வாங்கி வந்தார். மஞ்சள் கேசட்டை ஊதி ஊதிச் சொருகுவோம். கொஞ்ச நேரத்தில் பிளாஸ்டிக் சூடாகி ஒரு வாசம் வரும், அதற்கே நாக்கு ஊறும். கேம் ஒயரைச் சொருக டிவியில் இருந்தது ஆன்டெனாவின் ஓட்டை ஒன்றுதான். ஆடி முடிக்கும்வரை ஆன்டெனா ஒயர் சும்மா தொங்கும். கால் தடுக்குகிறதே என்று நான் அதை இரும்புக் கட்டிலின் கம்பியில் சுற்றி வைத்தேன். பெரிய புத்திசாலி!

அந்தக் கட்டில்மேல்தான் தங்கை நஸீமா உட்காருவாள். ஏழு வயது. அவள் கையிலும் ஒரு ஜாய்ஸ்டிக் கொடுப்பேன், சொருகாத ஜாய்ஸ்டிக். திரையில் ஓடுகிறவன் தன் ஆள் என்று நம்பி அவள் பட்டனை அமுக்கித் தள்ளுவாள். நானும் பக்கத்து எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரின் மகன் ஸ்டீபனும் வாயைப் பொத்திச் சிரிப்போம்.

அன்றைக்கு முதல்முறையாகக் கடைசிக் கோட்டை வரை வந்துவிட்டோம். அணைத்தால் மறுபடி முதலிலிருந்து ஆடவேண்டும். வானம் உறுமியது. கடையிலிருந்து அம்மா கத்தினாள்.

"ஏங்கண்ணு, ஆன்டெனா ஒயரப் புடுங்கிட்டியா?"

"புடுங்கியாச்சும்மா!"

பொய்யில்லையே.

"டேய், நொம்பக் கிட்ட இடிக்குதுடா. அணைச்சரலாம்" என்றான் ஸ்டீபன்.

"ஒயருதான் கழட்டியிருக்குதே. ஒண்ணும் ஆவாது, ஆடுறா."

அந்த நேரம் பார்த்து நஸீமா தன் ஜாய்ஸ்டிக்கின் நுனியைக் கண்டுபிடித்துவிட்டாள். "அண்ணா, இது சொருகவே இல்ல!" அழுதுகொண்டே கட்டிலிலிருந்து குதித்து என் முதுகில் ஓர் அடி வைத்தாள். இரண்டாவது அடி விழுவதற்குள் அறையே வெள்ளையாகிவிட்டது. கட்டில் கம்பியில் நீலமாக ஏதோ வெடித்தது. காது அடைத்துக்கொண்டது. நஸீமா கத்துகிறாள் என்பது அவள் வாயைப் பார்த்துத்தான் தெரிந்தது. டிவி செத்துப்போயிருந்தது. அவள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு ஒரு சாண் தள்ளி, கம்பியில் பெயின்ட் கருகியிருந்தது.

அம்மா வந்துவிடுவாளே என்கிற பயம் இடியைவிடப் பெரிதாக இருந்தது. துடைப்பத்தால் ஒயரை நெம்பி ஜன்னலுக்கு வெளியே தள்ளினேன். கருகின கம்பியின்மேல் போர்வையை இழுத்துவிட்டேன்.

ஓடிவந்த அம்மா வெளியே கிடந்த ஒயரைப் பார்த்தாள். என்னைக் கட்டிக்கொண்டு, "எஞ்சாமி, நீ மட்டும் புடுங்கிப் போடலீன்னா எம்புள்ள என்னாயிருக்கும்!" என்று அழுதாள். ஸ்டீபன் தரையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அதன்பிறகு அந்த கேமை நாங்கள் தொடவில்லை. பாதி எரிந்த மரத்தை வெட்டிவிட்டார்கள். வீடிருந்த இடத்தில் இப்போது லாட்ஜ். நான்தான் அவளைக் காப்பாற்றினேன் என்று நஸீமா தன் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறாள், நான் வேறு பக்கம் பார்க்கிறேன்.

ஆஸ்பத்திரியில் கடைசி வாரத்தில்கூட அம்மா நர்ஸிடம் என்னைக் காட்டி, "பெரியவந்தாங்க அன்னைக்குப் புள்ளயக் காப்பாத்துனான்" என்றாள். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அந்த வயதிலும் பயமாகத்தான் இருந்தது. "தண்ணி குடிக்கறியாம்மா?" என்று கேட்டேன். இன்றைக்குச் சொல்லித் திட்டு வாங்கலாம் என்றால், அம்மா இல்லை.