வெந்நீரம்மாவின் மாணவி

தேர்வு நாளன்று சோதனைப் படுக்கையின் விரிப்பை மாற்றுவது பேராசிரியைதான். ஆயாவை விடமாட்டார். பழையதை உருவி, புதியதை உதறிப் போட்டு, நுனிகளை இறுக்கிச் செருகிவிட்டுக் கருவிகளை வெந்நீரில் அமிழ்த்துவார். சில்லென்ற இரும்பு எந்தப் பெண்மேலும் படக்கூடாது. அதனால் மாணவர்கள் வைத்த பெயர் வெந்நீரம்மா. "வீட்ல காபி பச்சத்தண்ணியா ஆறிக் கிடக்கும், அங்க இரும்பு மட்டும் ஆறக்கூடாது" என்பார் கணவர்.

பெண் மருத்துவம் கற்பித்தே தலை நரைத்தவர். புதிதாக வரும் பிள்ளைகளை, ஆண் பிள்ளைகளையும்தான், போட்ட உடையோடு அந்தப் படுக்கையில் கால் தூக்கிப் படுக்கச் சொல்வார். கதவைத் திறந்து வைத்துவிட்டு ஓரமாக நிற்பார். அதுவரை இளித்துக்கொண்டிருந்தவனும் வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்துவிடுவான்.

"படுத்திருக்கிறவங்க வேணாம்னா உன் கை பின்னால போகணும். அவ்ளோதான் பாடம்."

இந்தத் தேர்வுக்குக் கிடத்தியிருந்தது ஒரு தையல்காரியை. கருப்பையில் கட்டி. காலையிலிருந்து ஐந்து பேர் மாறி மாறி அழுத்திப் பார்த்தாயிற்று. கடைசியாக வந்த மாணவி இதே தேர்வில் ஏற்கெனவே தவறியவள். இதிலும் போனால் படிப்பே போச்சு.

"அக்கா, பார்க்கட்டுமா?"

"போதும்மா. உரல்ல போட்டு இடிச்ச மாதிரி இருக்கு. நீயும் ஒரு இடி இடிக்கணுமா?"

மாணவி போர்வையை இழுத்து மூடிவிட்டு, நோயாளி மறுத்துவிட்டதாகத் தேர்வாளர்களிடம் சொன்னாள்.

வெளிக் கல்லூரியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் சிரித்தார். "நல்லா இருக்கே! சமைக்க வந்துட்டு, அடுப்பு வேணாங்குதுன்னா மார்க் போடணுமா?"

"நான்தான் சார் அப்படிச் சொல்லிக் கொடுத்தேன்" என்றார் வெந்நீரம்மா.

"ஓஹோ. அப்போ மத்த அஞ்சு பேரையும் திரும்பக் கூப்பிடுவோமா? அவங்களும் அப்படித்தான் கேட்டுக் கை வச்சாங்களான்னு துருவிப் பார்த்து, மார்க்கைத் திருத்திடலாம்."

தாழ்வாரத்தில் அந்த ஐந்து பேரின் பேச்சுச் சத்தம் கேட்டது. எல்லாம் அவர் பிள்ளைகள். அந்த மாணவி தவறியதாகத் தேர்வாளர் எழுதி நீட்டிய தாளில் வெந்நீரம்மா கையெழுத்துப் போட்டார்.

தையல்காரி மெல்ல எழுந்து உட்கார்ந்தாள். "அந்தப் பொண்ணு பாசாயிடுச்சாம்மா?"

"நீங்க போய்ச் சாப்பிடுங்க."

சாயங்காலம் அந்த மாணவி அவர் அறைக்கு வந்தாள். அழுத முகமாகத் தெரியவில்லை.

"மேடம், கேக்காம கை வச்சிருந்தா பாசா?"

"ரெண்டு வார்த்தை இதமாப் பேசிப் பார்த்திருக்கலாமேம்மா."

"மத்தவங்க இதமாப் பேசித்தான் அழுத்தினாங்க. நீங்க சொன்னதைத்தானே மேடம் நான் செஞ்சேன்?"

வெந்நீரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"உக்காரு. வீட்ல என்ன சொல்லப்போற?"

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, நாற்காலியைச் சுற்றி வெளியே போனாள்.