அண்ணன் மகள் நின்ற வார்டு

அவரை ஊரில் எல்லோரும் ‘பசை’ என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வாக்காளர் அட்டையோடு சரி. பெயின்ட் கடையில் வேலை. வாடிக்கையாளர் கேட்கும் நிறத்தை இயந்திரத்தில் கலந்து கொடுப்பார். அது வயிற்றுப்பாட்டுக்கு. மனசெல்லாம் கட்சியில்தான். மீசை அரும்பிய வயதில் பசை வாளியைத் தூக்கிக்கொண்டு சுவரொட்டி ஒட்டப் போனவர், தலை பாதி நரைத்த பிறகும் ஒட்டிக்கொண்டிருந்தார்.

அவருக்கு ஆசை ஒன்றே ஒன்று. தன் வார்டில் நகராட்சித் தேர்தலுக்கு ஒருமுறையாவது நின்றுவிட வேண்டும். கேட்டபோதெல்லாம் சீட்டு வேறு யாருக்காவது போனது. ஒருமுறை ஒரு கான்ட்ராக்டருக்கு. இன்னொருமுறை, எதிர்க்கட்சியிலிருந்து அப்போதுதான் தாவி வந்த ஒருவருக்கு. அந்த ஆளின் முகத்தையும் தெருத் தெருவாக இவர்தான் ஒட்டினார், பல்லைக் கடித்துக்கொண்டு.

அவருடைய அண்ணன் மகளுக்கு வீட்டில் ‘வாலு’ என்று பெயர். சின்ன வயதில் செய்த சேட்டை அப்படி. இப்போது வளர்ந்து, அரசு மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் ரத்தம் எடுக்கும் வேலையில் இருந்தாள். அந்தக் கோடையில் வெயில் ஊரைப் பொரித்து எடுத்தது. பேருந்துக்கு நின்றவர்களும் கட்டட வேலைக்குப் போனவர்களும் மயங்கி விழுந்து மருத்துவமனைக்கு வந்துகொண்டே இருந்தார்கள். கட்டில் போதாமல் தரையில் படுக்க வைத்தார்கள். நாள் முழுக்க அவர்கள் கையில் ஊசி குத்திக்கொண்டிருந்த வாலு, ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் வயதுக்காரர்கள் நாலைந்து பேரைத் தன் வீட்டு மொட்டைமாடியில் கூட்டினாள். குப்பையை எரிப்பதை நகராட்சி நிறுத்த வேண்டும், டீசல் பேருந்துகளை மாற்ற வேண்டும், வெயில் விழும் தெருக்களில் நிழல் வேண்டும் என்று பேசினார்கள்.

பசைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “வெயிலுக்கு எதிரா சங்கமா? சூரியன்கிட்ட மனு கொடுக்கப் போறீங்களா?”

“சூரியன்கிட்ட இல்ல சித்தப்பா, நகராட்சிகிட்ட” என்றாள் வாலு. “சூரியன் எப்பவும் போலத்தான் இருக்கு. நாம விடுற புகைதான் சூட்டை வெளியே போக விடாம போர்த்திக்கிட்டு இருக்கு.”

அடுத்த வாரம் அவர்கள் அவர் வேலை பார்க்கும் கடைக்கே வந்து வெள்ளை பெயின்ட் வாங்கிப் போனார்கள். தகரக் கூரை வீடுகள் நெருக்கிக்கொண்டு நிற்கும் பின்தெருவில் கூரை கூரையாக ஏறி வெள்ளை அடித்தார்கள். அடித்த வீடுகளில் பகலில் உள்ளே உட்கார முடிகிறது என்று பேச்சு பரவியது. தெருவே தங்கள் கூரைக்கும் வரச் சொல்லி வரிசை கட்டியது.

வேடிக்கை பார்க்கப் போன பசைக்கு அங்கேதான் முதல் அடி விழுந்தது. முனை வீட்டுத் தையல்காரம்மா இவருக்கு ஒருநாளும் கதவைத் திறந்ததில்லை. ஓட்டுக் கேட்டுப் போனால் ஜன்னல் வழியாகவே, “சரி சரி, பார்க்கலாம்” என்று அனுப்பிவிடுவாள். அந்த அம்மா அன்று தன் நாற்காலியைத் தெருவுக்கே தூக்கி வந்து போட்டு, “உட்காரும்மா, முகமெல்லாம் எப்படிச் சிவந்து போச்சு பாரு” என்று வாலுவுக்கு விசிறிக்கொண்டிருந்தாள். பசை பார்த்தும் பார்க்காதவர் மாதிரி நடையைக் கட்டினார். உள்ளுக்குள் ஏதோ புகைந்தது. வெயில் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

அதற்குப் பிறகு புகைச்சல் அடங்கவே இல்லை. அந்தப் பிள்ளைகள் நகராட்சி அலுவலகத்துக்கு ஊர்வலம் போனபோது, நகர்மன்றத் தலைவரே படியிறங்கி வந்து வாலுவின் பெயரைச் சொல்லிப் பேசினார். இத்தனை வருஷத்தில் அதே தலைவர் பசையிடம் பேசியது, “தம்பி, அந்த ஏணியைக் கொஞ்சம் நகர்த்து” என்பது மட்டும்தான். இவர் பேசிய ஒரு கூட்டத்துக்கும் வராத மனைவி, ஊர்வலத்துக்குப் போய்விட்டுத் தொண்டை கட்டி வந்தாள்.

“கோஷம் போட்டியா?” என்று கேட்டார்.

“ஆமா. ஏன், நான் போடக் கூடாதா?”

“என் கூட்டத்துக்கு ஒரு நாள் வந்திருக்கியா நீ?”

“உங்க கூட்டத்துல எனக்கு என்ன வேலை? மாலை போடுவாங்க, திட்டுவாங்க, கலைஞ்சு போவாங்க.”

அவருக்கு முகம் சுண்டிப்போனது.

மழைக்காலம் தொடங்கும் முன்பு பசையின் வார்டு நகர்மன்ற உறுப்பினர் உடம்புக்கு முடியாமல் பதவியை விட்டார். இடைத்தேர்தல் வந்தது. கட்சிச் செயலாளர் பசையை வரச் சொல்லி ஆள் அனுப்பினார். இந்த முறை நமக்குத்தான் என்று பசைக்கு நிச்சயம். சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு, கண்ணாடி முன்னால் நன்றி சொல்லிப் பார்த்துவிட்டுப் போனார்.

செயலாளர் டீ வரவழைத்தார். அதிலேயே விஷயம் பெரியது என்று தெரிந்தது.

“உன் அண்ணன் பொண்ணு நம்ம சின்னத்துல நிக்குமா?” என்றார் செயலாளர்.

பசைக்குக் காது அடைத்தது. “யாரு, வாலுவா?”

“ஊரே அந்தப் பொண்ணு பேச்சைத்தான் பேசுது. நீ சொன்னா தட்டாது. சொந்தச் சித்தப்பா இல்லியா? பேசிக் கூட்டிக்கிட்டு வா.”

“அண்ணே, நான்...”

“உனக்கு இல்லாததா? இதை முடிச்சுக் கொடு, பிறகு பார்த்துக்கலாம்.”

டீயை அப்படியே வைத்துவிட்டு வந்தார். அண்ணன் வீட்டுக்கு நடந்த வழியெல்லாம் மனசு வெந்தது. தான் காலமெல்லாம் காத்துக் கிடந்த இலையில் இன்னொருத்தியை உட்கார வைத்துப் பரிமாறவும் தன்னையே அனுப்புகிறார்களே!

வாலு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். செயலாளர் சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். அவள் கையிலிருந்த ஈரத் துணியை உதறிக் கொடியில் போட்டுவிட்டுத் திரும்பினாள்.

“நீங்க என்ன சொல்றீங்க சித்தப்பா? நிக்கலாமா?”

அவர் நாக்கில் பதில் தயாராக இருந்தது. “போகாதே. குப்பைக் கிடங்கு ஒப்பந்தம் எடுத்தவரு நம்ம செயலாளருக்கு மச்சான் முறை. ஜெயிக்கிற வரைக்கும் உன்னைத் தோள்ல தூக்குவாங்க. குப்பையை எரிக்காதேன்னு நீ வாயைத் திறந்த அன்னைக்கே இறக்கி விட்டுடுவாங்க. உன் பேரும் கெட்டுப்போகும்.”

சொன்னது அத்தனையும் உண்மை. ஆனால் அவள் நல்லதுக்காகச் சொல்லவில்லை என்பது அவருக்கு மட்டும் தெரியும். அந்த நாற்காலியில் இவள் உட்காரக் கூடாது. அவ்வளவுதான்.

வாலுவின் கண் கலங்கிவிட்டது. “கட்சியே உயிர்னு இருக்கிறவர் நீங்க. எனக்காக இதைச் சொல்றீங்களே சித்தப்பா!”

அவருக்கு நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவசர வேலை என்று சொல்லிப் படியிறங்கிவிட்டார்.

வாலு கட்சிக்கு மாட்டேன் என்றாள். ஆனால் நிற்க மாட்டேன் என்று சொல்லவில்லை. மருத்துவமனை வேலையை அவள் ராஜினாமா செய்ததும், கூட்டாளிகள் அவளைச் சுயேச்சையாக நிறுத்தினார்கள். அவளுக்கு எதிராக நின்று தோற்க யாருக்கும் மனம் வரவில்லை. கட்சியில் ஒவ்வொருவராக நழுவ, கடைசியில் சீட்டு பசையின் மடியில் வந்து விழுந்தது.

வாழ்நாள் ஆசை நிறைவேறியது. தன் முகம் அச்சான சுவரொட்டியைத் தானே ஒட்டினார். ஆனால் அவள் வேண்டாம் என்று ஒதுக்கியதல்லவா நமக்கு வந்தது என்ற நினைப்பு, முகத்தைச் சுவரில் தடவித் தடவி ஒட்டும்போதெல்லாம் உறுத்தியது. ஓட்டுக் கேட்டுப் போன வீடுகளில் இந்த முறை கதவைத் திறந்தார்கள். திறந்து, “வாலு உங்க அண்ணன் பொண்ணாமே! என்னமா பேசுது!” என்று அவரிடமே மெச்சினார்கள். பள்ளிக்கூட மண்டபத்தில் வேட்பாளர் கூட்டம் நடந்தது. குப்பை எரிப்பதைப் பற்றி என்ன செய்வீர்கள் என்று ஒரு ஆட்டோக்காரர் கேட்டதற்கு, “கட்சி முடிவு செய்யும்” என்றார். பின்வரிசையில் யாரோ கொட்டாவி விட்டது மேடை வரை கேட்டது.

“உன் ஓட்டு யாருக்கு?” என்று தேர்தலன்று காலையில் மனைவியைக் கேட்டார்.

“ஓட்டு ரகசியம்ங்க” என்று சொல்லிவிட்டு அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

வாலு ஜெயித்தாள், நல்ல வித்தியாசத்தில். ஊரே அவள் வீட்டு வாசலில் நின்றபோது பசை கடையின் பின்னறையில் டப்பாக்களைத் தேவையில்லாமல் அடுக்கி வைத்துக்கொண்டிருந்தார். அண்ணன் போன் செய்தார். எடுக்கவில்லை.

குப்பை எரிப்பதை நிறுத்தச் சொல்லி அவள் கொண்டுவந்த முதல் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்த அன்று, பசை நகர்மன்றத்தில் பொதுமக்கள் வரிசையில் போய் உட்கார்ந்தார். செயலாளர் சொல்படி கட்சிக்காரர்கள் எதிர்த்துக் கை தூக்கினார்கள். தீர்மானம் தோற்றது. பசைக்கு நெஞ்சு குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சியோடு வெளியே வந்தவர், நடைபாதையில் வாலுவின் கூட்டாளிகள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். ஒரு பையன் குலுங்கி அழுதுகொண்டிருந்தான். கிடங்குக்குப் பக்கத்துத் தெருவில் அவன் அம்மா மூச்சு இழுக்க முடியாமல் படுத்திருக்கிறாள் என்று யாரோ சொன்னார்கள். பசைக்குத் தன்னை நினைத்தே அருவருப்பாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம், “கட்சியில சேராதேன்னு நான் அவளுக்குச் சொன்னேனே, அது அவ நல்லதுக்கு இல்ல” என்றார்.

“தெரியும்” என்றாள் அவள், வெங்காயம் நறுக்குவதை நிறுத்தாமல்.

“எப்படித் தெரியும்?”

“உங்க கூடத்தானே குடும்பம் நடத்துறேன்?”

மறுநாள் அவர் தன் கட்சியின் நகர்மன்ற உறுப்பினர் ஒருவர் வீட்டுக்குப் போனார். கிடங்குக்குப் பக்கத்து வார்டுக்காரர் அவர். “அண்ணே, புகை உங்க தெருவுக்குத்தான் வருது. உங்க பேத்திக்கே இருமல் நிக்கல. இன்னொரு தடவை அதுக்கு எதிரா கை தூக்கினீங்கன்னா, ஓட்டுக் கேட்க நீங்க தனியாத்தான் போகணும். நான் வர மாட்டேன்” என்றார். அந்த மனிதர் அசந்துபோனார். பசை யாரிடமும் இப்படிப் பேசி அவர் பார்த்ததில்லை. பசை இன்னும் இரண்டு வீட்டுக்குப் போனார். ஒரு வீட்டில் விரட்டிவிட்டார்கள்.

அடுத்த முறை தீர்மானம் மயிரிழையில் தப்பித்து நிறைவேறியது. செயலாளர் பசையோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். எப்படி நடந்தது என்று வாலுவுக்குத் தெரியாது, அவரும் சொல்லவில்லை. பேருந்து விஷயம் இன்னும் இழுபறிதான்.

பொறாமை போய்விட்டதா என்றால், இல்லை. தீர்மானம் நிறைவேறிய அன்று மாலை தொலைக்காட்சியில் வாலு பேசினாள். கூட்டாளிகள் ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி நன்றி சொன்னாள். பசையின் பெயர் அதில் இல்லை, எப்படி இருக்கும்? ஆனாலும் கடைசிப் பெயர் வரை காத்திருந்து பார்த்துவிட்டுத்தான் எழுந்தார்.

“சவுண்டைக் கொஞ்சம் குறையேன், தலை வலிக்குது” என்று மனைவியிடம் எரிந்து விழுந்தார்.

அவள் குறைக்கவில்லை. அவர் சமையலறைக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்தார். பேச்சு முடியும் வரை குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றார்.