கூத்து வகுப்பின் கடைசி இருபது நிமிடம்

ஒரு பிள்ளையின் தோளைப் பிடித்துத் திருத்த வேண்டுமென்றால் ஆசிரியை நிரூபா முதலில் கேட்பார். "தோளைப் பிடிச்சுத் திருப்பட்டே?" என்பார். பிள்ளை தலையாட்டிய பிறகே கை போகும். ரொறன்ரோவின் அஜின்கோர்ட்டில் எங்கள் தமிழ்க் கழகம் சனிக்கிழமைகளில் வாடகைக்கு எடுத்த மண்டபத்தில், 2023 தை (ஜனவரி) 21ஆம் திகதி, கூத்து வகுப்பின் முதல் நாளிலேயே இதைக் கண்டேன். பன்னிரண்டு முதல் பதினான்கு வயது வரையான பதினொரு பிள்ளைகள் வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவன், இவர் உண்மையாகத்தான் கேட்கிறாரா என்று சோதிப்பதற்காக, "நோ" என்றான். நிரூபா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, வாயால் சொல்லிச் சொல்லியே அவனுடைய தோளை நேராக்கினார். ஐந்து நிமிடம் பிடித்தது. மற்றப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆனால் மூன்றாம் வாரம், வட்டமாக நின்று கை கோக்க வேண்டிய இடத்தில், பிள்ளைகளே "கையைத் தரட்டே?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அப்போது நான் அக்கழகத்தின் செயலாளராக இருந்தேன். இங்கே தரும் திகதிகள் என்னிடமுள்ள கூட்டக் குறிப்புகளிலிருந்தும் கடிதங்களிலிருந்தும் எடுக்கப்பட்டவை. நினைவிலிருந்து எழுதுவதை நினைவு என்றே குறிப்பிடுவேன்.

நிரூபா ஆறு வயதில் தாய் தந்தையருடன் அகதியாக ரொறன்ரோ வந்தவர். முதியோர் இல்லமொன்றில் தாதியாக வேலை செய்கிறார். கூத்து அவருக்குப் பரம்பரைச் சொத்து அன்று. இருபத்தேழு வயதில், ஸ்காபரோவில் நடந்த ஒரு பயிற்சிப் பட்டறைக்குத் தோழியைக் காரில் இறக்கிவிடப் போனவர், மத்தளச் சத்தத்தைக் கேட்டு உள்ளே போய் இருந்துவிட்டார். அன்று மத்தளம் வாசித்த யோசப்பையே பின்னர் திருமணம் செய்தார். யோசப் நகரப் பேருந்துச் சாரதி. மத்தளத்தை அவர்கள் காரின் பின் இருக்கையில் வைத்து, இருக்கைப் பட்டியும் போட்டுக் கொண்டுவருவார்கள்.

தன் வாழ்க்கையைப் பற்றி அவர் அதிகம் பேசுவதில்லை. ஒன்றை மட்டும் இரண்டு தடவை சொல்லியிருக்கிறார். பன்னிரண்டு வயதில் அவருக்குச் சாமத்திய வீடு என்னும் பூப்புச் சடங்கு நடந்தது. முந்நூறு பேருக்குச் சாப்பாடு, இரண்டு வீடியோக்காரர், தலை நிமிர்த்த முடியாத அளவு நகை. "முந்நூறு பேர் வந்து ஆரத்தி எடுத்தவை, அண்ணை. எனக்கு என்ன நடந்ததெண்டு ஒரு ஆளும் சொல்லேல்லை. ரெண்டு நாளா ஏதோ பெரிய நோய் வருத்தம் வந்திட்டுதெண்டு நினைச்சுக்கொண்டு கிடந்தனான்." பாடசாலை நூலகத்துப் புத்தகமொன்றிலிருந்தே விடயத்தை அறிந்துகொண்டாராம்.

பங்குனி மாதம் முதற் கிழமை பிரவீனனுடைய குரல் உடைந்தது. பதின்மூன்று வயதான அவன்தான் கூத்தில் அரசனாக வரவிருந்தவன். உச்சத்தில் எடுக்க வேண்டிய அடியை எடுத்தபோது குரல் இரண்டாகப் பிளந்து கீழே விழுந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். மறுவாரம் அவன் கழுத்தில் சால்வை சுற்றிக்கொண்டு வந்தான். கையில் மல்லித்தண்ணிப் போத்தல்.

"ஐஸ்கிரீம் சாப்பிட்டதாலை வந்ததெண்டு அம்மா சொல்லுறா, ரீச்சர். ஆனா நான் சாப்பிடேல்லை."

நிரூபா யோசப்பிடம் மத்தளத்தின் இரண்டு முகங்களையும் மாறி மாறித் தட்டச் சொன்னார். ஒரு பக்கம் தடித்த தோலும் கீழ்ச் சத்தமும், மறுபக்கம் இழுத்துக் கட்டிய தோலும் மேற்சத்தமும். "உங்கடை தொண்டைக்குள்ளையும் ரெண்டு நாண் இருக்கு. இந்த வயசிலை அது நீளும், தடிக்கும். பிரவீனன் இப்ப இந்தப் பக்கத்தாலை இருந்து அந்தப் பக்கத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறான். வருத்தமில்லை. அரசனுக்குச் சுருதியைக் குறைப்பம்."

பிரவீனன் சால்வையைக் கழற்றினான். உடனே நாலைந்து கைகள் உயர்ந்தன. ஏன் வியர்வை மணக்கிறது, ஏன் பரு வருகிறது, ஏன் பெண் பிள்ளைகள் முந்தி உயர்கிறார்கள். சிலர் கேட்க வாயெடுத்து, பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்கள்.

நிரூபா முறைப்படி அனுமதி கேட்டார். வகுப்பின் கடைசி இருபது நிமிடத்தை, வளரும் உடம்பைப் பற்றியும், இனப்பெருக்கத்தைப் பற்றியும், விருப்பம் கேட்பதைப் பற்றியும் பேச ஒதுக்கலாமா என்று எழுதிய அவருடைய கடிதம் பங்குனி 27ஆம் திகதியிடப்பட்டது. சித்திரை 2ஆம் திகதி நிர்வாக சபை அதை ஏகமனதாக ஏற்றது. பெற்றோருக்கு இரண்டு மொழியிலும் சம்மதப் படிவம் அனுப்பினேன். பதினொன்றும் கையெழுத்துடன் திரும்பி வந்தன.

பிள்ளைகள் பெயர் எழுதாமல் கேள்விகளைத் துண்டுக் கடதாசியில் எழுதி ஒரு பெட்டிக்குள் போடுவார்கள். நிரூபா வாசித்துப் பதில் சொல்வார். வாசித்ததும் கிழித்துவிடுவதாக அவர்களுக்குச் சொல்லியிருந்தார். அந்த இடத்தில் நான் ஒரு பிழை செய்தேன். கழகத்தின் பெயரில் நடக்கும் எதற்கும் பதிவு இருக்க வேண்டும் என்று வற்புறுத்தினேன்.

"அண்ணை, கிழிக்கிறன் எண்டல்லோ பிள்ளையளுக்குச் சொன்னனான்."

"வருச முடிவிலை கிழிப்பம், பிள்ளை. அதுவரைக்கும் என்ரை கோவைக்குள்ளை இருக்கட்டும். ஒருத்தரும் பாக்க மாட்டினம்."

அவர் மனமில்லாமல் இணங்கினார். துண்டுகள் வாராவாரம் ஒரு தபால் உறைக்குள் சேர்ந்தன.

வைகாசி 6ஆம் திகதி வந்த துண்டொன்றை அவர் தனியே என்னிடம் தந்தார். ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்தது. தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: "விருந்துகளில் ஒரு அங்கிள் கேட்காமல் கட்டிப்பிடிக்கிறார், கன்னத்தைக் கிள்ளுகிறார். எனக்குப் பிடிக்கவில்லை. அப்பாவுக்கு அவமானம் வராமல் எப்படி வேண்டாம் என்று சொல்வது?" நிரூபா அன்றே சிறுவர் பாதுகாப்பு அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அழைத்து ஆலோசனை கேட்டார். அந்த அழைப்பைப் பதியவே துண்டை என்னிடம் காட்டினார். அடுத்த வாரம் வகுப்பில், யாருடைய கேள்வி என்று தேடாமல், "முதல் கேளுங்கோ எண்டு சொல்லலாம். அது மரியாதைக் குறைவில்லை. அதுக்கு மேலை ஏதும் எண்டால் என்னட்டைத் தனிய வந்து சொல்லுங்கோ" என்றார்.

பிள்ளைகள் வரவுப் புத்தகத்தில் தாங்களே பெயர் எழுதுவது வழக்கம். அதை நான் வாரந்தோறும் சரிபார்ப்பவன். ஆங்கில i எழுத்தின் மேல் புள்ளிக்குப் பதிலாகச் சிறு வட்டம் போடுபவர் ஒருவரே. துண்டை எழுதியது பன்னிரண்டு வயதான தனுஷிகா என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் நிரூபாவிடம் தனியே வந்து பேசியதும், எல்லோர் முன்னிலையிலும் நடப்பதற்கு மேல் எதுவும் இல்லை என்று சொன்னதும், "அப்பாட்டை நானே சொல்லுவன். நீங்கள் சொல்லாதேங்கோ" என்று வாக்கு வாங்கியதும் எனக்கு மிகப் பின்னரே தெரியும்.

வைகாசி 21ஆம் திகதி ஒஷாவாவில் ஒரு பிறந்தநாள் விருந்து. அந்த மனிதர் வழமைபோல இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு வர, தனுஷிகா ஒரு அடி பின்னால் வைத்து, "முதல் கேளுங்கோ, அங்கிள்" என்றார். அறுபது பேர் இருந்த இடம். யாரோ சிரித்தார்கள். தந்தை ஸ்ரீதரனுக்கு முகம் கறுத்துவிட்டது. காரில் வைத்து, யார் பழக்கியது என்று கேட்டார். கூத்து வகுப்பு என்று பதில் வந்தது.

அவருடைய முறைப்பாட்டுக் கடிதம் வைகாசி 24ஆம் திகதியிடப்பட்டது, இரண்டு பக்கம். கலை பழக்குவதாகக் கூறிப் பெரியோரை மதியாதிருக்கக் கற்பிக்கிறார் என்பது முதற் குற்றச்சாட்டு. இரண்டாவது கொடியது: எந்தப் பிள்ளையும் இவ்வாறான கேள்விகளைக் கேட்கவில்லை, ஆசிரியையே அவற்றைப் புனைந்து பிள்ளைகளின் மனதில் புகுத்தினார். கடிதத்தின் பிரதி எல்லாப் பெற்றோருக்கும் போயிருந்தது. தாதித் தொழில் செய்யும் ஒருவருக்கு இத்தகைய சொல் எவ்வளவு தூரம் போகும் என்பதை விளக்கத் தேவையில்லை.

விசாரணைக் கூட்டம் ஆனி 4ஆம் திகதி, ஞாயிறு மத்தியானம். தலைவர் மோகனசுந்தரம் நடத்தினார்.

"நான் பிள்ளையைக் கூத்துப் பழகத்தான் விட்டனான்," என்றார் ஸ்ரீதரன். "கூத்தெண்டால் மிதிக்கிறது, ஆடுறது, பாடுறது. உதுக்குள்ளை ஏன் உடம்பைப் பற்றின கதை?"

"உடம்பு இல்லாமல் எதாலை மிதிக்கிறது, அண்ணை?" என்றார் நிரூபா.

பின்வரிசையில் சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவருக்கு உதவவில்லை.

"நீங்கள் சம்மதப் படிவத்திலை கையெழுத்து வைச்சிருக்கிறியள்," என்று நான் படிவத்தை எடுத்து நீட்டினேன்.

"பள்ளிக்கூடத்தாலை வாற எல்லாத்திலையும்தான் வைக்கிறன். ஆர் உதுகளை வாசிக்கிறது? சரி, வைச்சன். பிள்ளையள் கேட்டதெண்டு காட்டுங்கோ பாப்பம். ஒரு கேள்வியைக் காட்டினால் நான் எழும்பிப் போறன்."

மோகனசுந்தரம் என்னைப் பார்த்தார். "செயலாளர், அந்தத் துண்டுகள் இருக்கோ?"

இருக்கின்றன என்றேன். உறையை எடுத்து மேசையில் வைத்தேன். நாற்பத்து மூன்று துண்டுகள். ஒவ்வொன்றிலும் திகதி. குற்றச்சாட்டை முறிக்க அவற்றைவிட வேறு ஆதாரம் தேவைப்படவில்லை. நிரூபா ஐந்து நிமிட இடைவேளை கேட்டார்.

மண்டபத்துச் சமையலறையில், கேத்தில் கொதித்துக்கொண்டிருக்க, அவர் என்னிடம் பேசியதை நினைவிலிருந்து எழுதுகிறேன்.

"அண்ணை, அந்த உறையை என்னட்டைத் தாங்கோ."

"தந்தால் நீங்கள் புனைஞ்சது எண்டு ஆகிவிடும். அந்த ஒண்டை மட்டும் எடுத்து வைப்பம். மிச்சம் நாற்பத்திரண்டு போதும்."

"மற்றத் தாய் தேப்பனுக்கும் தங்கடை பிள்ளையின்ரை எழுத்துத் தெரியும். பிரவீனன் என்ன எழுதினவன் எண்டு அவன்ரை அம்மா மேசையிலை வைச்சு வாசிக்க வேணுமோ?"

"உங்கடை பேர் கெடப் போகுது, பிள்ளை."

"கெடட்டும். நாளைக்கு ஒரு பிள்ளைக்கு என்ன நடந்தாலும் பெரியாக்களிட்டைச் சொல்லாது. சொன்னால் மேசைக்கு வருமெண்டு தெரிஞ்சிடும்."

முப்பது ஆண்டுகளாக நான் ஒரு பற்றுச்சீட்டைக்கூட எறிந்தவன் அல்லன். தொழிற்சாலை வேலை முடிந்து வந்த மாலைகளில் சங்க விதிகளை நானாகவே படித்து அறிந்தவன் என்ற முறையில், அந்த உறை கழகத்தின் உடைமை என்பதும் எனக்குத் தெரியும். திரும்பிப் போய் அதை மேசையிலிருந்து எடுத்து நிரூபாவின் கையில் கொடுத்தேன். அவர் எல்லோரும் பார்க்க அதைத் திறக்காமலே இரண்டாகக் கிழித்தார், பிறகு நான்காக. தடித்த உறை. பல தடவை முறுக்கிக் கிழிக்க வேண்டியிருந்தது.

"இப்ப விளங்குதுதானே," என்றார் ஸ்ரீதரன். "ஒண்டும் இருக்கேல்லை."

ஐந்துக்கு இரண்டு என்ற வாக்கில் வகுப்பு நிறுத்தப்பட்டது. கழக ஆவணத்தை அழிக்கத் துணைபோனேன் என்று என்னையும் நீக்கினார்கள். எனக்கு விளக்கம் தரச் சந்தர்ப்பம் அளிக்கப்படவில்லை. இது கழக யாப்பின் ஒன்பதாம் விதிக்கு முரணானது. நான் பதினான்கு பக்க மேன்முறையீடு ஒன்று தயாரித்து நிரூபாவுக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். "நல்ல வடிவா எழுதியிருக்கிறியள், அண்ணை. ஆனா இதை வாசிச்ச உடனை, ஆர் எழுதின துண்டெண்டு தேட வெளிக்கிடுவினம்" என்றார். நான் அதை அனுப்பவில்லை.

புரட்டாதியில் வெக்ஸ்போர்ட்டில், தாங்கள் குடியிருக்கும் மாடிக் கட்டடத்தின் விருந்து அறையில், நிரூபாவும் யோசப்பும் வகுப்பை மீண்டும் தொடங்கினார்கள். பழைய பதினொருவரில் நால்வர் வந்தார்கள். பிரவீனன், இப்போது ஒரே சீராக இறங்கிவிட்ட குரலுடன், முதல் ஆளாக வந்தான். கடைசி இருபது நிமிடமும் தொடர்ந்தது. தாதியர் சபைக்கு ஒருவர் முறைப்பாடு அனுப்பியதும், விசாரித்து அது மேற்கொண்டு எடுக்கப்படாமல் விடப்பட்டதும் புரட்டாதிக்கும் மார்கழிக்கும் இடையில் நடந்தவை. அந்த நான்கு மாதமும் நிரூபா சனிக்கிழமைகளில் ஒரு வகுப்பையும் தவறவிடவில்லை.

தனுஷிகா தந்தையிடம் பேசியது 2024 தை மாதம், ஒஷாவாவிலிருந்து திரும்பி வரும் வழியில். அன்றைய விருந்தில் அந்த மனிதர் முதலில் கேட்கவுமில்லை, தனுஷிகா வேண்டாம் என்றதற்கு நிற்கவுமில்லை. நெடுஞ்சாலையில் தந்தையின் முகத்தைப் பார்க்கத் தேவையில்லாததால் சொல்ல முடிந்தது என்று பிற்பாடு தனுஷிகா என்னிடம் கூறினார். அந்தத் துண்டை எழுதியது தான் என்பதையும், ரீச்சர் அதை ஏன் கிழித்தார் என்பதையும் சொல்லியிருக்கிறார். அந்த மனிதர் அதன் பின் அவர்கள் வீட்டு விருந்து எதற்கும் அழைக்கப்படவில்லை.

இவற்றை எழுதுவதற்குத் தனுஷிகாவிடம் அனுமதி கேட்டேன். "எழுதுங்கோ, அங்கிள். ஆனா அந்தாளின்ரை பேரைப் போடாதேங்கோ. அம்மாக்கு ஷேமா இருக்கும்" என்றார்.

மாசி 3ஆம் திகதி, சனிக்கிழமை, ஸ்ரீதரன் மகளை வெக்ஸ்போர்ட்டுக்குக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, மேலே வராமல் வாகனத்துக்குள்ளேயே இருந்தார். அன்று குளிர் பூச்சியத்துக்குக் கீழே. அரை மணித்தியாலத்தின் பின் நிரூபா, மேலங்கியும் போடாமல், கீழே இறங்கிப் போய்க் கண்ணாடியைத் தட்டினார். வகுப்புக்கு வந்திருந்த நான் வாசலில் நின்றேன்.

"மேலை வாங்கோ, அண்ணை. இதுக்குள்ளை விறைக்கப் போறியள்."

"நான் மன்னிப்புக் கேக்க வரேல்லை," என்றார் ஸ்ரீதரன்.

"கேளாதேங்கோ. இப்ப பாட்டு நடக்குது. வாறதெண்டால் சத்தம் போடாமல் வந்து இருங்கோ."

அவர் வந்து கடைசிக் கதிரையில் இருந்தார். கூத்து முடிந்து கடைசி இருபது நிமிடம் தொடங்கியபோது, எழுந்து போவாரென்று நான் எதிர்பார்த்தேன். நிரூபா அவரிடம் போகவில்லை. மகளிடம்தான் போனார்.

"அப்பா இருக்கிறது உமக்குப் பரவாயில்லையோ?"

தனுஷிகா தந்தையைத் திரும்பிப் பார்த்தார். "இண்டைக்கு வேண்டாம்," என்றார்.

ஸ்ரீதரன் எழுந்து, கதிரையைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போய் நின்றார்.