லயிப்பு என்று ஒரு சொல்

இன்று கம்பம் போகும் பஸ்ஸில் பேப்பரை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டு வந்தேன். ஆறு மாதமாகத்தான் எனக்கு எழுத்துத் தெரியும். "லயிப்பு" என்று ஒரு சொல் வந்தது. படித்துவிட்டேன்! ஆனால் பொருள் தெரியவில்லை.

பக்கத்தில் இருந்த டீச்சரம்மாவிடம் கேட்டேன்.

"மனசு ஒண்ணுலயே கரைஞ்சு போறதுய்யா. கூப்பிட்டாலும் காதுல விழாது."

"அட, அதுக்கு நாங்க செவிட்டுக் கழுதைன்னுல்ல பேரு வச்சிருந்தோம்!"

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

முப்பது வருடத்துக்கு முன்னால், எட்டாவது படித்த என் மகள் செல்வியைத் திராட்சைத் தோட்டத்தில் கிளி விரட்ட உட்கார வைத்திருந்தேன். கதைப் புத்தகத்தில் மூழ்கி இருந்தவள் நான் கத்தியும் திரும்பவில்லை. பந்தல் முழுக்கக் கிளி. புத்தகத்தைப் பிடுங்கி வாய்க்காலில் எறிந்தேன். பள்ளிக்கூடத்தையும் நிறுத்தினேன்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவளுக்குப் போன் போட்டேன். "அன்னிக்கு உன் புத்தகத்தைப் பிடுங்கி எறிஞ்சு தப்புப் பண்ணிட்டேன் ஆத்தா."

"கோவமெல்லாம் இல்லப்பா. அந்தக் கதை எப்படி முடிஞ்சுச்சுன்னுதான் இன்னிக்கு வரைக்கும் தெரியல."

படகில் தனியாகப் போகும் ஒரு சிறுமியின் கதையாம். தலைப்பு அவளுக்கு மறந்துவிட்டது. படித்தவர்கள் யாராவது இருந்தால் புத்தகத்தின் பெயரை மட்டும் எழுதுங்கள். முடிவைச் சொல்லிவிடாதீர்கள். ஒரு மாதமானாலும் நானே அவளுக்கு வாசித்துக் காட்டுகிறேன்.